காதில் சொன்ன யோசனை

பொறாமை வந்தால் எனக்கு முதலில் காதுதான் சூடாகும். வயிறு எரிகிறது என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கு இரண்டு காது மடலும் சுடும். முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொள்வேன். அந்தக் கார்த்திகை மாதம் முழுக்க குழுக் கூட்டத்தில் நான் முக்காடோடுதான் உட்கார்ந்திருந்தேன். மழைக் குளிர் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் மகளிர் குழுவில் பன்னிரண்டு பேர். நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை, செங்கல் சூளை என்று கிடைத்த கூலிக்குப் போகிறவர்கள். குழு ஆரம்பித்தபோது தப்பில்லாமல் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், பத்தாவது பாஸ். அதனால் ஒன்பது வருஷமாக நான்தான் ஊக்குநர். கூட்டத்தை நடத்துவது, தீர்மான நோட்டில் எழுதுவது, அதிகாரிகள் வந்தால் முன்னால் நின்று பேசுவது எல்லாம் நான். சனிக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் காலனி சர்ச்சுக்கு முன்னால் இருக்கிற ஷீட் கொட்டகையில் பாய் விரித்து உட்காருவோம்.

ஒரு ரகசியத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். கூட்டம் மூன்று மணிக்கு என்றால், அந்தக் கூட்டத்தின் தீர்மானத்தை நான் இரண்டு மணிக்கே வீட்டில் உட்கார்ந்து எழுதி முடித்திருப்பேன். 'உறுப்பினர்கள் அனைவரும் கலந்து பேசி ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது' என்று முத்து முத்தாக எழுதிக்கொண்டு போவேன். அங்கே போய், என்ன சொல்றீங்க என்று கேட்பேன். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நான் சொல்வேன். தலையை ஆட்டுவார்கள். நோட்டைச் சுற்றுக்கு விடுவேன். கையெழுத்துப் போட்டுவிட்டு மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விடுவார்கள். மூன்றேகாலுக்கு முடிந்துவிடும். எங்கள் குழுவில் சண்டையே கிடையாது என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வது வழக்கம். அவர்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை என்றே நம்பியிருந்தேன்.

குழுவுக்கு ஒரு நாஷ்டா கடை இருந்தது. உத்திரமேரூர் சாலையில் எங்கள் ஊருக்குப் பிரியும் கூட்ரோட்டில், ஒரு புண்ணியவான் தன்னுடைய கடை அறையை எங்களுக்கு விட்டிருந்தார். விடியற்காலையில் ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகிற பஸ்கள் அங்கேதான் நிற்கும். இட்லி, பொங்கல், வடை. மூன்று வருஷம் நன்றாக ஓடியது. திடீரென்று கம்பெனிகள் உள்ளேயே காலை டிபன் போட ஆரம்பித்துவிட்டன. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் டீகூடக் குடிப்பதில்லை. அவித்த இட்லி பாதிக்கு மேல் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கும் கடை இட்லியா?" என்பார். அறை கொடுத்தவரும் சொல்லிவிட்டார்: "தை பொறந்தா வேற ஆளுக்கு வுட்டுடுவேம்மா. அதுக்குள்ள இன்னா பண்றதுன்னு பாருங்க."

கடையைக் காப்பாற்ற ஒரு யோசனை வேண்டும். அந்த யோசனை என்னுடையதாக இருக்க வேண்டும். இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது என்பதை இன்றைக்குத்தான் எழுத முடிகிறது.

அந்த நேரத்தில்தான் அவள் குழுவில் சேர்ந்தாள். காவாந்தண்டலத்திலிருந்து எங்கள் ஊருக்குக் கட்டிக்கொண்டு வந்த மருமகள். ஐந்து வருஷம் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை பார்த்தவள். குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டாள். எல்லோரும் அவளைக் கம்பெனிப் பொண்ணு என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் கூட்டத்தில் நான் வழக்கம்போல, கடையைப் பற்றி என்ன சொல்றீங்க என்று கேட்டேன். வழக்கம்போல எல்லோரும் பாயைப் பார்த்தார்கள். அவள் மட்டும் கையைத் தூக்கினாள்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. எங்க கம்பெனி லைன்ல ஒரு பிரச்சன வந்தா இப்டி கேக்க மாட்டாங்க. ஆளுக்கொரு சீட்டு குடுப்பாங்க. பேசாத எய்திப் போடணும். அப்பாலதான் பேச்சு. நாமளும் அப்டிப் பண்ணிப் பாக்கலாமா?"

தப்பாகத்தான் நினைத்தேன். ஆனாலும், சரி பண்ணும்மா என்று சிரித்தேன். காது சுட ஆரம்பித்தது.

மஞ்சள், ரோஸ் கலரில் சின்னச் சின்னச் சீட்டுகள் கொண்டுவந்திருந்தாள். பின்னால் பசை இருக்கும், ஒட்டினால் ஒட்டிக்கொள்ளும். அதைக் கையில் வாங்கும்போதே பெண்கள் குழந்தைகள் மாதிரி ஆகிவிட்டார்கள். ஒருத்தி நெற்றியில் ஒட்டிப் பார்த்தாள். ஒன்பது வருஷம் நான் கொடுத்த நோட்டை யாரும் இப்படி ஆசையாகத் தொட்டதில்லை.

ஆனால் எட்டுப் பேருக்கு எழுதத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவார்கள். அவர்கள் எல்லோரும் சீட்டை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்கள். "அக்கா, நீயே எய்திக் குடுக்கா." எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஒவ்வொருத்தி சொல்வதையும் கேட்டு, கொஞ்சம் திருத்தி, கொஞ்சம் அழகாக்கி, என் தமிழில் எழுதிக் கொடுத்தேன். கம்பெனிப் பொண்ணு கொட்டகைத் தூணில் எல்லாவற்றையும் ஒட்டினாள். தள்ளி நின்று பார்த்தாள்.

"முக்காவாசி சீட்டு உங்க கையெழுத்தாவே கீதுக்கா" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னாள். நானும் பார்த்தேன். எட்டுச் சீட்டில் 'கடையின் தரத்தை மேம்படுத்துதல்' என்று இருந்தது. எட்டுப் பேரும் அப்படிப் பேசுகிறவர்கள் இல்லை.

அடுத்த சனிக்கிழமை வேறு மாதிரி வந்தாள். குழந்தையைப் பக்கத்தில் இருந்தவள் மடியில் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கி கடைய எப்டி நடத்தறதுன்னு கேக்கப்போறது இல்ல. எப்டி சீக்கிரமா இஸ்த்து மூடறதுன்னு சொல்லுங்க. யார் மோசமா சொல்றாங்களோ அவங்கதான் கெட்டிக்காரி. ஒரே ஒரு கண்டிசன். யாரும் 'அது ஆவாது, இது சரிப்படாது'ன்னு சொல்லக்கூடாது. சொன்னா எய்ந்து போயி கொடத்துல ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு வரணும்."

நல்லது சொல்லத்தான் பயம். கெட்டது சொல்ல என்ன பயம்? கொஞ்ச நேரத்தில் ஒருத்தி, "சாம்பார்ல கை கழுவுன தண்ணிய ஊத்தலாம்" என்றாள். இன்னொருத்தி, "வர்ற பொண்ணுங்கள மொறச்சிப் பாத்துக்கினே இட்லி வெக்கலாம்" என்றாள். மாமியாரும் மருமகளுமாக இரண்டு பேர் எங்கள் குழுவில் உண்டு. மாமியார் எதிரில் அந்த மருமகள் இருமக்கூட மாட்டாள். அவள் சொன்னாள்: "விடிஞ்சப்பறம் கடைய தொறக்கலாம். பஸ்ஸு போனப்பறம்." மாமியாரே சிரித்துவிட்டாள்.

"அதெல்லாம் சரிப்படாது" என்றேன், பழக்க தோஷம். எல்லோரும் குடத்தைக் காட்டினார்கள். எழுந்து போய்க் குடித்தேன். வந்து உட்கார்ந்து இரண்டு நிமிஷம் ஆகவில்லை, மறுபடியும் சொன்னேன். அன்றைக்கு நாலு டம்ளர் தண்ணீர் குடித்தேன். வேறு யாரும் ஒரு டம்ளர்கூடக் குடிக்கவில்லை. அந்த வார்த்தையைக் குழுவில் நான் ஒருத்திதான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது குடத்தைப் பார்த்துதான் எனக்கே தெரிந்தது.

நாலாவது டம்ளரைக் குடித்துவிட்டுத் திரும்பும்போது என் ஓரகத்தி பேசினாள். என் கொழுந்தன் பெண்சாதி. என்னோடு ஒரே வாசலில் குடியிருப்பவள். நான் கிழித்த கோட்டைத் தாண்டாதவள். அவள் சொன்னாள்: "ஒருத்தரே பேசிக்கினு இருக்கணும். மத்தவங்க அல்லாம் தலைய ஆட்டிக்கினு இருக்கணும். கடை தானா மூடிக்கும்."

சிரிப்பு நின்றுவிட்டது. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது போலிருக்கிறது; புடவைக் கரையைப் பிடித்து முறுக்க ஆரம்பித்தாள். கம்பெனிப் பொண்ணு என்னைப் பார்க்கவில்லை. "இதுவும் ஒண்ணு" என்று சொல்லி விரலை மடக்கிக்கொண்டாள். அவள் என்னைப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்பதுதான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு ஓரகத்தியும் நானும் ஒன்றாகத்தான் நடந்தோம். அவள் ஒரு தடவை, "அக்கா, நான் உன்ன சொல்லல" என்றாள். நான் ஏரி நிரம்பிக் கலங்கலில் தண்ணீர் வழிவதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அந்த வாரம் முழுக்க அவள் தோசை மாவு கேட்டு வந்தபோதெல்லாம் இல்லை என்றேன். பானையில் மாவு பொங்கிக்கொண்டுதான் இருந்தது.

பொறாமை என்னவெல்லாம் கவனிக்க வைக்கும் என்று அப்போது பார்த்தேன். கம்பெனிப் பொண்ணு வந்தால் பாயில் நகர்ந்து இடம் விட்டார்கள். எனக்கு யாரும் நகர்ந்ததில்லை; என் இடம் முன்னாலேயே தனியாக இருக்கும். யாருக்கு முட்டிவலி, யார் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவள் வந்த இரண்டு வாரத்திலேயே தெரிந்து வைத்திருந்தாள். அவள் சொல்கிற நகைச்சுவை ஒன்றும் பெரிதாக இருக்காது, ஆனாலும் சிரித்தார்கள். எத்தனை பேர் சிரிக்கிறார்கள் என்று நான் எண்ணுவேன். பதினொன்று வந்தால் வீட்டில் சோறு இறங்காது.

மூன்றாவது வாரம்தான் நான் இதை எழுதக் காரணமான வாரம்.

அன்றைக்கு எல்லோரையும் வட்டமாக உட்காரச் சொன்னாள். எங்கள் குழுவில் ஒரு மூத்த பெண் உண்டு. ஏரிக்கரை ஓரத்தில் தனியாக இருக்கிற பத்து வீட்டுக் குடியிருப்பிலிருந்து வருகிறவர். எல்லோருக்கும் அவர் ஏரிக்கரையம்மா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். பள்ளிக்கூடம் போகாதவர். ஒன்பது வருஷமும் பாய்க்கு வெளியே, தூணுக்குப் பக்கத்தில், வெறும் சிமெண்டுத் தரையில்தான் உட்காருவார். உள்ளே வா என்று நானும் சொன்னதில்லை. காலனியிலிருந்து போன எங்களை ஊர்க்காரர்கள் எங்கே உட்கார வைத்தார்கள் என்று மேடையில் பேசத் தெரிந்த எனக்கு, அது கண்ணில் பட்டதே இல்லை. கம்பெனிப் பொண்ணு கையைப் பிடித்து இழுத்து வட்டத்துக்குள் கொண்டுவந்தாள். என் இடது பக்கம்தான் காலியாக இருந்தது. அங்கே ஏன் யாரும் உட்காரவில்லை என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

"எய்தவும் வேணாம், யோசிச்சி யோசிச்சி பயப்படவும் வேணாம்" என்றாள் கம்பெனிப் பொண்ணு. "உங்க ஐடியாவ வலது பக்கம் கீறவங்க காதுல சொல்லுங்க. கேட்டவங்க அத தன்னுதா நெனச்சிக்கினு சத்தமா சொல்லணும். யாருதுன்னு யாரும் கேக்கக்கூடாது. 'நான் அப்டிச் சொல்லல'ன்னு மாத்தியும் பேசக்கூடாது. நம்ப பேச்சு நம்ப வாயில வராது. அதனால யாருக்கும் யார்கிட்டயும் பயம் இல்ல."

கம்பெனியில் இப்படிச் செய்வார்களா என்று கேட்டேன். இல்லையாம், குழுவில் இருக்கிற அந்த மாமியாரையும் மருமகளையும் பார்த்து இவளே யோசித்துக் கண்டுபிடித்தாளாம். அது எனக்கு இன்னும் எரிந்தது. கம்பெனியில் கற்றுக்கொண்டதைச் செய்கிறாள் என்றால் மனதை ஆற்றிக்கொள்ளலாம். சொந்த மூளை என்றால் என்ன செய்வது?

நான் என் வலது பக்கம் இருந்த ஓரகத்தி காதில், "பூரி போடலாம்" என்றேன். பிறகு இடது பக்கம் சாய்ந்தேன். ஏரிக்கரையம்மா என் முக்காட்டை ஒரு விரலால் விலக்கினார். மஞ்சளும் விறகுப் புகையும் கலந்த வாசனை. மெதுவாகச் சொன்னார்:

"காலையில வர்றவங்களுக்கு பசி இல்லக்கா. சாயங்காலம் பஸ்ஸு வுட்டு எறங்குற பொம்பளைங்களப் பாரு. நின்னுக்கினே தூங்குதுங்க. அதுங்க வூட்டுக்குப் போயி அடுப்பு பத்த வெக்கணும். ஆஞ்ச கீரை, அரிஞ்ச காயி, ஒரு கிண்ணம் கொயம்பு குடுத்தா வாங்கிக்கினு போவாங்க. கடைய சாயங்காலத்துக்கு மாத்து. கீரை நான் பறிச்சாறேன்."

கேட்ட மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. இதுதான். இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. மூன்று வருஷம் அதே கூட்ரோட்டில் நின்ற எனக்கு ஏன் தோன்றவில்லை என்று முதலில் நினைத்தேன். அடுத்த நொடி, நான் இதைச் சத்தமாகச் சொன்னால் என்ன நடக்கும் என்று நினைத்தேன். கை தட்டுவார்கள். கம்பெனிப் பொண்ணு நடத்திய கூட்டத்தில் கடை பிழைத்தது என்று ஆகும். ஒன்பது வருஷமாக நான் கேட்டபோது வராத பேச்சு அவள் கேட்டதும் வந்துவிட்டது என்று ஆகும். இரண்டு காதும் தணல் மாதிரி சுட்டன.

சுற்று தொடங்கியது. ஓரகத்தி, "பூரி போடலாம்" என்று அடிக்குரலில் சொன்னாள். ஒவ்வொருத்தியாகச் சொல்லிக்கொண்டே வந்து வட்டம் சுற்றி, கடைசியாக என் முறை வந்தது.

"கூட்ரோட்ல பெரிய ஃபிளெக்ஸ் போர்டு ஒண்ணு வெக்கலாம்" என்றேன்.

அதுவும் என் யோசனைதான். ஒரே சுற்றில் எனக்கு இரண்டு யோசனை. யாருடையது என்று யாரும் கேட்கக்கூடாது; ஆனால் வட்டத்தில் என் இடது பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று எல்லோருக்கும் கண் இருக்கிறது. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு, "படிக்கத் தெரியாதவங்க போர்டு வெக்கச் சொல்றாங்க" என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். கம்பெனிப் பொண்ணு அதட்டினாள். அதற்குள் சிரித்து முடித்துவிட்டார்கள்.

ஏரிக்கரையம்மா என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். மாற்றிப் பேசக்கூடாது என்பது கண்டிசன். தரையில் ஊர்ந்த எறும்பை விரலால் வழி திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் பூரியிலும் போர்டிலும் வந்து நின்றது. கம்பெனிப் பொண்ணு முகம் வாடிப்போயிற்று. "பரவால்ல, அடுத்த வாரம் பாக்கலாம்" என்றாள். நோட்டில் நான் வீட்டிலேயே எழுதி வந்த தீர்மானம் தயாராக இருந்தது. கையெழுத்து வாங்கினேன்.

அன்றைக்கு எனக்கு சந்தோஷம். பொய் சொல்லப் போவதில்லை. ஏரி மீன் வாங்கி வறுத்தேன். ஓரகத்திக்கு ஒரு தட்டில் கொடுத்தனுப்பினேன். இரண்டு துண்டு கூடவே வைத்தேன்.

திங்கட்கிழமை விடியற்காலை கடையில் ஏரிக்கரையம்மாவின் முறை. எனக்கு முன்னாலேயே வந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். ஏதாவது கேட்பார், கேட்டால் என்ன சொல்வது என்று மூன்று விதமான பதில் யோசித்து வைத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை. வழக்கம்போல எனக்கென்று ஒரு கட்டு முருங்கைக்கீரை கொண்டுவந்து ஓரமாக வைத்திருந்தார். "பூச்சி இல்லக்கா, பாத்துதான் ஒடிச்சேன்" என்றார். அந்தக் கீரையை வீட்டுக்குக் கொண்டுபோய் ஆய்ந்தேன். ஆக்கினேன். என்னால் சாப்பிட முடியவில்லை, வீட்டுக்காரர் சாப்பிட்டார்.

அன்று சாயங்காலம் வேலை இல்லாமலேயே கூட்ரோட்டுக்குப் போய் நின்றேன். பஸ் வந்தது. நீல நிற யூனிஃபார்ம் போட்ட பெண்கள் இறங்கினார்கள். ஒருத்தி இறங்கிய இடத்திலேயே கம்பத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். இன்னொருத்தி போனில், "அரிசி மட்டும் ஊற வெய்யி, கொயம்புக்கு வந்து பாத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். எல்லாம் அவர் சொன்னபடியே இருந்தது. மூன்று வருஷம் காலையில் மட்டும் இவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பார்த்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது; எத்தனை இட்லி விற்கும் என்று பார்த்தேன். ஏரிக்கரையம்மா களையெடுத்துவிட்டு அந்த வழியாகத் திரும்பும்போது பார்த்திருக்கிறார்.

அதுவரைக்கும் கம்பெனிப் பொண்ணு மேல் மட்டும்தான் பொறாமை. அன்றைக்கு அது இரண்டாகப் பெருகியது. ஒரு நாளும் பாயில் உட்காராத ஒரு மனுஷி மேல் எனக்குப் பொறாமை வந்தது. இதை யாரிடம் சொல்ல முடியும்?

மார்கழிக்கு முந்தைய கடைசிச் சனிக்கிழமை. தை நெருங்கிவிட்டது. அதற்குள் முடிவெடுத்தால்தான் உண்டு. அன்றைக்கு முதல்முறையாக நோட்டில் எதையும் எழுதாமல் போனேன். எழுதலாம் என்று உட்கார்ந்தேன், பேனா ஓடவில்லை.

வட்டமாக உட்கார்ந்தோம். ஏரிக்கரையம்மா வேறு எங்காவது தள்ளி உட்காருவார் என்று நினைத்தேன். நேராக வந்து என் இடது பக்கத்திலேயே உட்கார்ந்தார். கம்பெனிப் பொண்ணு சொன்னாள்: "இன்னிக்கி மாத்திப் போலாம். இடது பக்கம் கீறவங்க காதுல சொல்லுங்க."

அவர் காதில் நான் சொல்ல வேண்டும். கிழிந்து இரண்டாகத் தொங்கும் காது மடல், தோடு இல்லை. என்னிடம் வேறு யோசனை எதுவும் இல்லை. அன்றைக்கு அவர் சொன்னதையே, பஸ்ஸை விட்டு இறங்குகிற பெண்களை, ஆய்ந்த கீரையை, அரிந்த காயை, சாயங்காலக் கடையை, அவர் காதில் திருப்பிச் சொன்னேன். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன். அதில் கள்ளத்தனமும் இருந்தது. நான் சொல்லி அவர் பேசினால், என் யோசனை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

அவர் தலையை நிமிர்த்தினார். பிறகு பேசினார். ஒன்பது வருஷத்தில் அவர் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. எந்தக் கீரை எந்த வரப்பில் வரும், மழைக்கு எது அழுகும், எந்தக் காயை அரிந்து வைத்தால் கறுக்காது என்று நான் சொல்லாததெல்லாம் சேர்த்துச் சொன்னார். முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். குழந்தை பயந்து அழுதது.

"அக்கா ஐடியாதான் இது" என்றாள் என் ஓரகத்தி. அவளுக்குப் பாவம், இரண்டு வாரத்துப் பாரம் இறங்கியது. "இதுக்குத்தான் அக்கா வேணுன்றது."

அந்த ஒரு வாக்கியத்துக்காக ஒரு மாதம் காத்திருந்தேன். கம்பெனிப் பொண்ணு வட்டத்தைத் தாண்டி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சூப்பர்க்கா. எனக்கு இது தோணவே இல்ல" என்றாள். அவள் முகத்தில் துளி பொறாமை இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை. அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

நோட்டைத் திறந்தேன். 'ஊக்குநர் அவர்கள் முன்மொழிந்த' வரைக்கும் எழுதிவிட்டேன். கை பழக்கத்தில் தானாக எழுதிவிட்டது. அப்போது ஏரிக்கரையம்மா என் பக்கம் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"அன்னிக்கி நீ மறந்துட்டியோன்னு நெனச்சேன்க்கா. நான் சொன்னது சரியா காதுல வுய்ந்திருக்காது."

எனக்கு வழி விட்டார். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்விடலாம். முக்காட்டை இழுத்து மூடப் போன கை பாதியில் நின்றது. தலையிலிருந்து அதைத் தள்ளிவிட்டேன்.

"மறக்கல" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "இது என் ஐடியா இல்ல. இவங்களுது. அன்னிக்கே என் காதுல சொன்னாங்க. நான் வேணும்னேதான் மாத்திச் சொன்னேன். அந்த ஃபிளெக்ஸ் போர்டு என்னுது."

அன்றைக்குச் சிரித்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். கம்பெனிப் பொண்ணு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஓரகத்தி அவள் தொடையில் தட்டி அடக்கினாள். ஏன் அப்படிச் செய்தாய் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது.

ஏரிக்கரையம்மாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. நோட்டைக் கையால் காட்டினார்.

"அப்போ எய்து" என்றார். "எம்பேரப் போட்டு எய்து."

அக்கா என்று சொல்லவில்லை.

எழுதியதை அடித்தேன். ஒன்பது வருஷத்து நோட்டுகளில் அடித்தல் திருத்தல் இருக்கும் பக்கம் அது ஒன்றுதான். வருகைப் பட்டியலில் வாரா வாரம் நான் எழுதிய பேர்தான் அவருடையது. ஒரு யோசனைக்கு முன்னால் அதை எழுதியது அன்றைக்குத்தான் முதல் தடவை. எழுதும்போதும் காது சுட்டுக்கொண்டேதான் இருந்தது. நோட்டைச் சுற்றுக்கு விட்டேன். ஒவ்வொருத்தியாகக் கையெழுத்துப் போட்டு, அவரிடம் வந்தது.

அவர் பேனாவை வாங்கவில்லை. நோட்டை மடியில் வைத்து, அந்த வரியில் விரலை வைத்து, மெதுவாக நகர்த்தினார். அவருக்குப் படிக்கத் தெரிந்தது அவர் பேர் ஒன்றுதான். கையெழுத்துப் போடுவதற்காகக் கற்றுக்கொண்டது. விரல் அந்த இடத்தில் நின்றது. ஒவ்வொரு எழுத்தாக உதட்டை அசைத்தார்.

"சரியாத்தான் எய்திகீற" என்றார். அதைப் பார்த்த பிறகுதான் பேனாவுக்குக் கை நீட்டினார்.